கலைந்தது என்பதற்கும் கலைத்தாள் என்பதற்கும் நடுவில்

கேட்டிருப்பவர் சென்னையில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண். பிறந்தது தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில், 1998-இல். கடந்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, 1999-இல் அம்மா ஒரு கருவைக் கலைத்த செய்தி சித்தியின் வாய்தவறி அவர் காதில் விழுந்திருக்கிறது. அம்மாவிடமே கேட்டிருக்கிறார். அம்மா பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். "சட்டம் ஐம்பது வருடத்துக்கு முன்பே அனுமதித்துவிட்ட ஒன்று. எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர் செய்திருப்பார்கள். அப்படியும் ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை? அறியாமையா, வெட்கமா, பயமா? அம்மாவை நான் பேச வைக்க வேண்டாமா?" என்பது அவருடைய கேள்வி.

நான் 1988 முதல் 2019 வரை விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். நான்கு ஊர், ஏறத்தாழ ஐயாயிரம் சனம், ஒரு துணை சுகாதார நிலையம். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை என்பது என் பதிவேட்டில் இருந்தது. எத்தனை தங்கவில்லை என்பது என் தலைக்குள் இருந்தது. அந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறேன். அறியாமை கிடையவே கிடையாது. வெட்கம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. பயம் உண்டு. ஆனால் எதைப் பற்றிய பயம் என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

எங்கள் பக்கம் அம்மன் கோயில் பொங்கல் சாட்டினால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். வரி கொடுத்தவன் ஊர்க்காரன். ஒருவனை ஊர் ஒதுக்க நினைத்தால் கையை ஓங்க வேண்டியதில்லை, அவனிடம் வரி வாங்காமல் விட்டாலே போதும். அடுத்த நாளிலிருந்து அவன் வீட்டுச் சாவுக்குக்கூட ஆள் வராது. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். பெண்களுக்கு வரி இல்லை என்றுதான் ஊர் நோட்டு சொல்லும். ஆனால் நோட்டில் ஏறாத ஒரு வரியை அவர்கள் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது அந்த வரி. உங்கள் அம்மா இருபத்தைந்து வருடமாகக் கட்டி வருவது அதைத்தான்.

முதலில் அவர்கள் பேசும் சொற்களைப் பாருங்கள். 'கருக்கலைப்பு' என்ற சொல்லை அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு பெண்கூட என்னிடம் சொன்னதில்லை. அது சுவரொட்டியில் இருக்கும் சொல். "நாள் தள்ளியிருக்கிறது" என்று ஆரம்பிப்பார்கள். "முழுகாமல் இருக்கிறேன்" என்பது மகிழ்ச்சியாகச் சொல்வது; "நாள் தள்ளியிருக்கிறது" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னால் வேறு அர்த்தம். முடிந்த பிறகு "வயிற்றைச் சுத்தம் செய்துவிட்டேன்", "கழுவிவிட்டு வந்தேன்", "டி.என்.சி. ஆயிற்று" (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வதற்கு ஆஸ்பத்திரியில் சொல்லும் பெயர்). பக்கத்து வீட்டுக்குச் சொல்வது "தங்கவில்லை." எல்லாவற்றையும்விட அதிகமாகச் சொல்வது "கலைந்துவிட்டது."

கலைந்தது, கலைத்தாள். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். ஒரே ஓர் எழுத்து, ந் இருந்த இடத்தில் த். கலைந்தது என்றால் மேகம் கலைவது மாதிரி, கனவு கலைவது மாதிரி, தானாக நடந்தது. ஆள் இல்லை, குற்றம் இல்லை. பத்தியச் சோறு வரும், பூண்டுக் குழம்பு வரும், மாமியார் நாலு நாள் தண்ணீர்க் குடம் தூக்க விடமாட்டார். கலைத்தாள் என்றால் அங்கே ஒருத்தி நிற்கிறாள். அந்தத் தெரு முழுக்க, நடந்தது த் என்று தெரிந்துகொண்டே ந் போட்டுப் பேசும். பொய் சொல்கிறார்கள் என்று நான் முதல் இரண்டு வருடம் எரிச்சல்பட்டிருக்கிறேன். பயிற்சி முடித்து வந்த புதிது, வாய் அதிகம். பிறகுதான் விளங்கிற்று, அந்த ந் அவளுக்கு மற்றப் பெண்கள் போட்டுக்கொடுக்கும் முக்காடு என்று.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு பெண்ணின் உடம்பில் நடக்கும் மற்ற எதையும் ஊர் மறைப்பதில்லை. பெண் வயதுக்கு வந்தால் பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் போர்டு வைக்கிறார்கள். தாய்மாமன் சீர் வேனில் வருகிறது, மைக் செட் கட்டி மூன்று ஊருக்குக் கேட்கும்படி பாட்டுப் போடுகிறார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு யார் யார் போனார்கள் என்பது ஊருக்கே தெரியும். மாதவிலக்கையே ஊர் எண்ணுகிறது. மதுரை மாவட்டம் கூவலாபுரம் போன்ற ஊர்களில் அந்த நாள்களுக்கென்று முட்டு வீடு என ஒரு தனிக் கட்டடமே உண்டு. அந்த வழக்கம் இல்லாத ஊரிலும் மூன்று நாள் ஒதுங்கி இருப்பது, தலைக்குக் குளிப்பது, முளைப்பாரிக்கு விரதம் பிடிக்க முடியாமல் போவது எல்லாம் அடுத்த வீட்டுக் கண்ணுக்குத் தப்பாது. ஒரு மாதம் ஒருத்தி ஒதுங்கவில்லை என்றால், அவள் புருஷனுக்குத் தெரியும் முன்பே எதிர்வீட்டு மதினிக்குத் தெரிந்திருக்கும்.

போதாக்குறைக்கு நான். என் டி.வி.எஸ். வண்டி எந்த வாசலில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றாலும் அது செய்தி. கருவுற்றவுடன் பதிவு செய், பிக்மி என்கிற கர்ப்பப் பதிவு எண் வாங்கு, 12 வாரத்துக்குள் பதிந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணம் என்று அரசாங்கம் சொல்கிறது. 2018-இலிருந்து அது 18,000 ரூபாய். நல்ல திட்டம்தான், எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பிள்ளை வேண்டாம் என்று நினைப்பவளுக்கு நான் யார்? அவள் எண்ணத்தை முடிப்பதற்கு முன் நோட்டோடு வந்து நிற்கும் ஆள். பல பெண்கள் என்னைத் தூரத்தில் கண்டதும் கொல்லைப்பக்கம் போனதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே ரகசியம் என்று அங்கே ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நகரத்திலிருந்து பார்க்கும் உங்களுக்கு இது பேச்சில்லாமை மாதிரி தெரிகிறது. உள்ளே இருந்தால் அது மிகவும் சுறுசுறுப்பான ஒரு வேலை. ஒன்று சொல்கிறேன். சுயஉதவிக்குழுவில் கடன் கேட்டால் காரணம் எழுத வேண்டும். 2006 வாக்கில் ஒரு தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி, இரண்டு பிள்ளைக்காரி, 3,000 ரூபாய் கேட்டாள். புருஷன் வேலை இல்லாமல் இருந்தான், இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம். நான் அன்று அந்தத் திண்ணையில் இருந்தேன். செயலாளர் பேனாவைத் திறந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கேட்காமலேயே 'ஆஸ்பத்திரிச் செலவு' என்று எழுதினார். பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் சனிக்கிழமை போனாள், திங்கட்கிழமை ஆலை வேனில் ஏறிவிட்டாள். அந்த இரண்டு நாளும் கைக்குழந்தை நாலு வீட்டுத் தொட்டிலில் மாறி மாறித் தூங்கியது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கருக்கலைப்பு என்றதும் ஊர் வாயும் சினிமாவும் கல்யாணமாகாத பெண்ணைத்தான் காட்டும். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கல்யாணமாகி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றும் வைத்திருந்தவர்கள். பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராது, அதனால் தரிக்காது என்று நம்பி ஏமாந்தவர்கள். ஆபரேஷனுக்கு 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று மாமியார் தள்ளிப்போட்டவர்கள். ஆணுறையைப் பற்றிப் பேச எடுத்தாலே எழுந்து போகும் புருஷன் வாய்த்தவர்கள். ஆண்கள் ஆபரேஷன் செய்துகொண்டது என் நான்கு ஊரிலும் சேர்த்து விரல் விட்டு எண்ணக்கூடியது. இரண்டு கை தேவையில்லை.

சரி, இவ்வளவு உதவி செய்கிற பெண்களிடையே பேசினால் என்ன? ஓர் ஓரகத்திச் சண்டையைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி.

1994-இல் இளையவளுக்கு நாலாவது தரித்துவிட்டது. மூத்தவள்தான் இரண்டு பஸ் மாறி வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள், கையைப் பிடித்துக்கொண்டாள், பத்து நாள் சமைத்துப்போட்டாள். கூடப் பிறந்தவள்கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள். 2013-இல் கிணற்றுப் பங்கில் அண்ணன் தம்பிக்குத் தகராறு வந்தது. நடுத்தெருவில், காலை எட்டு மணி, குழாயில் தண்ணீர் வரும் நேரம். வாய்ச்சண்டை முற்றி, மூத்தவள் சொன்னாள்: "பிள்ளையைக் கலைத்தவள்தானே நீ." குடம் வைத்திருந்த பதினைந்து பெண்களில் ஒருத்திகூட அதிர்ச்சி அடையவில்லை. எல்லோருக்கும் பத்தொன்பது வருடமாகத் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கணத்தோடு சண்டை நின்றுவிட்டது. மூத்தவளே வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்தவை பெரிதாக ஒன்றும் இல்லை. யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. இளையவள் அந்தக் குழாய்க்கு வருவதை நிறுத்திவிட்டு, ஒரு வருடம் கீழத்தெருக் குழாயில் போய்ப் பிடித்தாள். அவள் மகளுக்கு வந்த வரன் ஒன்று, 'ஜாதகம் சரியில்லை' என்று திரும்பிப் போனது. ஜாதகம் இரண்டு மாதத்துக்கு முன்பே பார்த்தாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வரன் அமைந்தது, பெண் நன்றாக இருக்கிறாள். ஆனால் பெண்கள் அஞ்சுவது எதற்கு என்பது அதில் இருக்கிறது. தெரிந்துவிடுமோ என்று யாரும் அஞ்சுவதில்லை, தெரிந்தே இருக்கிறது. தெரிந்த ஒன்று ஒரு நாள் த் போட்டுச் சொல்லப்படும் என்பதற்கு அஞ்சுகிறார்கள், அதுவும் தன் காரியத்துக்கு அல்ல, மகளின் கல்யாணத்துக்கோ பங்குப் பிரிவினைக்கோ.

வாக்கப்பட்டு வந்தவளுக்கு இந்த பயம் இரண்டு மடங்கு. பிறந்த ஊரில் அவள் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவள். வந்த ஊரில் முப்பது வருடம் ஆனாலும் 'இன்னார் மருமகள்', 'அந்த ஊர்க்காரி.' அவள் ஊர்க்காரி ஆவது பிள்ளை பெறுவதால், அதிலும் தன் பிள்ளைக்குக் காதுகுத்தி, குலசாமிக்குக் கிடா வெட்டி, ஊருக்குச் சோறு போட்ட பிறகு. அப்படிச் சேர்ந்த இடத்தில், 'ஒன்றை வேண்டாம் என்று விட்டேன்' என்று எந்த வாயால் சொல்வாள்? அதனால்தான் இதற்கு அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன்." எங்கள் ஊர்களில் அப்பாக்களுக்கு உடம்பு சரியில்லாமல் போவது கொஞ்சம் அதிகம்தான்.

ஊர்ப்பெயரும் இதில் சேர்ந்துகொண்டது. 1986-இல் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலை பற்றி ஓர் ஆங்கில இதழ் எழுதிய பிறகு, அந்தப் பெயரே ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. நடந்தது கொடுமை, வெளியே வந்தது நல்லது. ஆனால் பேச வந்த பெண்களின் ஊர் என்ன ஆயிற்று என்பதைச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பார்த்தது. பிறகு 1994-இல் வந்த பாலினம் கண்டறியும் தடைச் சட்டத்துக்காக ஆஸ்பத்திரிச் சுவர்களில் எழுதினார்கள். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதுதான் குற்றம். பாதி எழுத்து தெரிந்தவர்கள் அதைக் கருவைக் கலைப்பதே குற்றம் என்று படித்தார்கள். எழுத்து முழுவதும் தெரிந்த சில மருத்துவர்களும் அப்படியே படித்தார்கள் என்பது வேறு கதை.

சட்டம் பற்றி நீங்கள் கேட்டது சரிதான், ஆனால் பாதிதான் சரி. கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 18 வயது முடிந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்து வேண்டாம். இது ஐம்பது வருடமாக இருக்கும் விதி. ஆனால் இந்தச் சட்டம் பெண்ணுக்கு உரிமை என்று ஒன்றையும் எழுதிக் கொடுக்கவில்லை. இன்னின்ன காரணத்துக்காக மருத்துவர் செய்தால் அவர் மீது குற்றம் இல்லை என்று மட்டுமே சொன்னது. அதற்கு வெளியே கருக்கலைப்பு இன்றும் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 312, 2024 ஜூலையிலிருந்து அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-ஆம் பிரிவு. தனக்குத் தானே செய்துகொண்ட பெண்ணும் அதில் அடக்கம். கருத்தடை தோற்றுப்போனதால் என்ற காரணத்தை 1971 சட்டம் 'மணமான பெண் அல்லது அவள் கணவர்' பயன்படுத்திய கருத்தடைக்கு மட்டும் கொடுத்தது. 2021 திருத்தம் அதை 'எந்தப் பெண்ணும் அல்லது அவள் துணையும்' என்று மாற்றியது. அதே திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், குறிப்பிட்ட வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். அந்த வகையில் மணமாகாத பெண்ணும் உண்டு என்று 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ரகசியத்தைப் பற்றி இந்தச் சட்டம் வெகு அக்கறையாக எழுதியிருக்கிறது. சம்மதப் படிவத்தை உறையிலிட்டு ஒட்டி 'ரகசியம்' என்று எழுத வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. 2021-இலிருந்து, பெண்ணின் பெயரை மருத்துவர் வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறை. எல்லாம் சரி. நான் ஒரு பெண்ணுடன் போன ஓர் ஆஸ்பத்திரியில், அந்த உறை மேஜை மேல் ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தது. வராந்தாவில் ஊழியர் ஒருவர் உரக்கக் கூப்பிட்டார்: "அந்த டி.என்.சி. கேஸ் யாரம்மா?" பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் திரும்பினார்கள். என்னோடு வந்தவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் எழுந்தேன். என்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், எனக்கு அப்போது 44 வயது. அதே வராந்தாவில் கம்பவுண்டர் ஒருவர் சித்தப்பா முறையாகவும், வார்டு ஆயா பக்கத்து ஊராகவும் இருப்பார்கள். சிற்றூர்க்காரிக்குத் தாலுகா ஆஸ்பத்திரியும் சிற்றூர்தான். 'கணவரைக் கூட்டி வா', 'கூடவே ஆபரேஷனும் செய்துகொண்டால்தான் செய்வோம்' என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளைப் போடும் இடங்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்த வராந்தாவைத் தவிர்க்கத்தான் கருவைக் கலைக்கும் மாத்திரை அட்டை. ஒன்றும் நான்குமாக ஐந்து மாத்திரை இருக்கும் அந்த அட்டைக்கு 2008-இல் அனுமதி கிடைத்தது. 9 வாரம் வரை, மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியது. 2015-இல் இந்தியா முழுவதும் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாகவும், அவற்றில் நூற்றுக்கு 73 ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையால் நடந்ததாகவும் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2017 டிசம்பரில் வெளிவந்த ஆய்வு, தமிழ்நாட்டையும் சேர்த்து ஆறு மாநிலங்களில் எடுத்த கணக்கு. தமிழ்நாட்டில் மருந்துக் கட்டுப்பாட்டுக் கெடுபிடியால் பல கடைக்காரர்கள் அந்த அட்டையை வாங்கி வைப்பதே இல்லை. அப்புறம் புருஷன் எங்கிருந்தோ வாங்கி வருகிறான், எத்தனை வாரம் என்று அவனுக்கும் தெரியாது, கொடுத்தவனுக்கும் தெரியாது.

இது உங்களுக்கோ தோழிக்கோ தேவைப்படலாம், அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை எடுத்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, விடாத காய்ச்சல், துர்நாற்றம், மயக்கம் இருந்தாலோ, யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தானாகக் கலைந்து பாதியில் நின்றதற்கும், மாத்திரையால் பாதியில் நின்றதற்கும் வைத்தியம் ஒன்றுதான். ஆனால் உள்ளே எதையாவது செருகியிருந்தால் மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. கரு குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதற்கு வேலை செய்யாது. வயிற்றின் ஒரு பக்கம் வலி பிடுங்கினால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் இருக்கக் கூடாது.

மௌனத்தை நான் புகழ்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 1991-இல் நாலு பிள்ளைக்காரி ஒருத்தி என்னிடம் வந்து தலைசுற்றுகிறது என்றாள். வெளியே போகவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகும் நின்றாள். எனக்குப் புரிந்தது. எனக்கு அந்த ஊரில் மூன்றாவது வருடம். 'பிள்ளை கலைக்க வழி சொல்லும் நர்ஸ்' என்று பெயர் வந்தால் ஒரு வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். பதினோராம் நாள் டிராக்டரில் போட்டு மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோகும்போது அவள் உடம்பு அனலாகக் கொதித்தது. எருக்கங்குச்சியைச் செருகியிருந்தாள். 108 ஆம்புலன்ஸ் எல்லாம் அப்போது ஏது, அது வந்தது 2008-இல். வீட்டில் விஷக்காய்ச்சல் என்றார்கள். ஊரும் விஷக்காய்ச்சல் என்றது. என் பதிவேட்டிலும் காய்ச்சல் என்றுதான் இருக்கிறது, என் கையெழுத்தில். அந்த வரியை நானும் கட்டியிருக்கிறேன்.

சாவில் முடியாத இழப்புகளும் உண்டு. கல்யாணமான மூன்றாம் மாதம், நாத்தனார் கல்யாணம் முடியட்டும் என்று ஒருத்தி கலைத்தாள். பிறகு ஆறு வருடம் பிள்ளை இல்லை. மதுரையில் பெரிய டாக்டர், 'முன்பு எப்போதாவது தரித்திருக்கிறதா' என்று கேட்டபோது மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இல்லை என்றாள். வைத்தியமே அந்தப் பொய்யிலிருந்து ஆரம்பித்தது. முறையாகச் செய்த கருக்கலைப்பால் பிறகு பிள்ளை தங்காமல் போவதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஆறு வருடமும் தனக்குத் தானே தண்டனை விதித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தாள்.

கல்யாணமாகாத பெண்களைப் பற்றி இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். அவர்களுக்கு இது வெட்கக் கணக்கில் வராது, உயிர்க் கணக்கில் வரும். பையன் வேறு சாதி என்றால் இரண்டு உயிர். 18 வயது ஆகாதவள் என்றால் சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012 போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த பயத்தில் குடும்பமே அவளைப் போலி வைத்தியரிடம் கொண்டுபோகும். பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் பெயரை வெளியிடாமலே தகவல் கொடுக்கலாம் என்று அதே 2022 தீர்ப்பு வழிவிட்டது. அது எங்கள் ஊர் வராந்தா வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறதா என்றால், நான் பார்த்த மட்டும் இல்லை.

சாமி காரியம் ஒன்று பாக்கி இருக்கிறது. பிறப்புக்குத் தீட்டு, சாவுக்குத் தீட்டு, பதினாறாம் நாள் காரியம் என்று எல்லாவற்றுக்கும் முறை வைத்த ஊர், இதற்கு ஒரு முறையும் வைக்கவில்லை. அதனால் அவரவர் தானாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். ஒரு வருடம் குழுப் பெண்களோடு வேன் பிடித்து ராமேஸ்வரம் போனோம். கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம், ஒவ்வொன்றிலும் கயிற்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். எந்தக் கிணறு என்று நினைவில்லை, அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா, ஊற்றி முடித்த பிறகும் நகராமல், "இன்னொரு வாளி ஊற்று தம்பி" என்றார். அவன் ஊற்றினான். அடுத்து நின்றவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கும் இன்னொன்று" என்றாள். அதற்கடுத்தவள் இரண்டு கேட்டாள். இறைத்த தம்பி சலித்துக்கொண்டான். வேனில் திரும்பும்போது எல்லோரும் சத்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

இனி உங்கள் அம்மா. பேச வைக்க வேண்டாம். நகரத்தில் ஒரு மேடையில் ஏறி 'நான் செய்தேன்' என்று சொல்கிற பெண்ணை நான் மதிக்கிறேன்; அவர் இறங்கித் தன் அறைக்குப் போய்விடலாம். உங்கள் அம்மா மறுநாள் காலை அதே குழாய்க்குப் போக வேண்டும். அவர் எப்போது சொல்ல வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. சித்தி சொன்னதையும் சாட்சி போல முன்னால் வைக்காதீர்கள். அக்கா தங்கை உறவு அதனால் கெடும், அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு துணை.

வேண்டுமானால் இதைச் செய்து பாருங்கள். உங்கள் உடம்பில் உள்ள ஏதாவது ஒரு சங்கடத்தை, மாதவிலக்கு வலியோ வேறு எதுவோ, பூசி மெழுகாமல் நீங்கள் முதலில் அவரிடம் சொல்லுங்கள். அவர் தன்னுடையதைச் சொல்வதற்காக அல்ல. அந்த வீட்டில் அப்படியும் பேசலாம் என்பது அவருக்குத் தெரியட்டும். பதிலுக்கு அவர் எதுவும் சொல்லாமலே போகலாம்.

ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 1999-இல் உங்களுக்கு ஒரு வயது. கைக்குழந்தை இருக்கும்போது அடுத்தது தரித்தால், பால் கெட்டுப்போய் மூத்தது சவலை பாய்ந்துவிடும் என்பது எங்கள் பெண்களின் பெரிய பயம். என் கணக்கில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் அது. உங்கள் அம்மாவின் காரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அதுவாக இருந்தால், கேட்பது நீங்கள் என்பதாலேயே பதில் சொல்ல முடியாது, இல்லையா?

எழுந்து போய்விட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்கள் என்று தோன்றுகிறது. நான் வேறு ஒன்றைக் கவனித்தேன். அந்த இடத்தில் சொல்வதற்கு அவரிடம் ஒரு வார்த்தை தயாராக இருந்தது. 'கலைந்துவிட்டது' என்று சொல்லி ஒரு நொடியில் முடித்திருக்கலாம். தெருவுக்கு இருபத்தைந்து வருடமாக அதைத்தான் சொல்லி வந்திருப்பார். உங்களிடம் அதைச் சொல்லவில்லை.